இறகுக்குக் கம்பி விளிம்பு எதற்கு?

வாளையாறு, கொல்லங்கோடு, நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் பக்கமும், மறையூர், மூணாறு, பீர்மேடு, குமுளி பக்கமும் பறவைப் படம் எடுக்கும் நண்பர்களுக்கு,

பறவைப் படத்தில் ஷார்ப்பனிங்கை எப்படிக் கூட்டுவது என்று சொல்லித்தர இன்று ஆளுக்குப் பஞ்சமில்லை. கூடிப்போனதை எப்படி இறக்குவது, ஏன் இறக்க வேண்டும் என்பதுதான் இந்த மடலின் பேச்சு. நம் பக்கத்துக் காடுகளிலிருந்து வரும் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுக் குணம் தெரிகிறது. ஈப்பிடிப்பானோ இருவாச்சியோ, எதுவானாலும் உடம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. மார்புத் தூவி ஒவ்வொன்றும் கம்பியில் செய்தது போலத் தனித்தனியாக நிற்கிறது. உட்கார்ந்திருக்கும் கிளையின் பாசியும் அதே வெட்டுத் தெளிவில் முன்னால் முண்டுகிறது. இதை ரசனைக் குறை என்று சொல்லி விட்டுவிடலாம். பிறர் ரசனையில் தலையிட எனக்கு உரிமையில்லை. என் வாதம் வேறு. இப்படி ஆக்கப்பட்ட படம் பறவையைப் பற்றித் தவறான தகவல் தருகிறது. ஆகவே மிகைத் தெளிவைத் தணிப்பதை நான் பிழைதிருத்தம் என்ற கணக்கில்தான் வைக்கிறேன்.

ஷார்ப்பனிங் உண்மையில் என்ன செய்கிறது? இருண்ட பரப்பும் வெளிச்சப் பரப்பும் சந்திக்கும் இடத்தில், இருண்ட பக்கத்தை இன்னும் சற்று இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் சற்று வெளிறச் செய்கிறது. லென்ஸ் பிடிக்காத ஓர் இழையைக்கூட அது கொண்டுவந்து சேர்ப்பதில்லை. ஃபோட்டோஷாப்பில் இன்றும் 'அன்ஷார்ப் மாஸ்க்' என்ற பெயரில் இருக்கும் கருவி ஃபிலிம் காலத்து இருட்டறையிலிருந்து வந்தது. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக ஒரு பாசிட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிரின்ட் போடுவார்கள். விளிம்புகள் தூக்கலாகத் தெரியும். டிஜிட்டலிலும் ஓரளவுக்கு இது தேவைதான். சென்சரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பிடிக்கிறது. மற்ற இரண்டும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்பப்படுகின்றன. பல கேமராக்களில் சென்சருக்கு முன்னால் படத்தை மிக லேசாக மழுக்கும் வடிகட்டியும் உண்டு. இவற்றால் போகும் தெளிவை மீட்கத்தான் லைட்ரூம் ரா ஃபைலைத் திறந்தவுடனே 40 என்ற அளவில் ஷார்ப்பனிங்கைத் தானாகவே வைத்துவிடுகிறது. புரூஸ் ஃப்ரேசர் 2006இல் வந்த தன் நூலில் இந்த வேலையை மூன்று கட்டமாகப் பிரித்துக் காட்டினார்: கேமராவில் போனதை மீட்பது ஒன்று, படத்தில் எதை முன்னிறுத்த வேண்டுமோ அதற்கு மட்டும் கொடுப்பது ஒன்று, திரைக்கோ காகிதத்துக்கோ அனுப்பும்போது அதற்கேற்பக் கொடுப்பது ஒன்று. இந்த ஒழுங்கோடு செய்தால் கெடுதல் இல்லை. நம்மிடம் நடப்பது வேறு. நாய்ஸ் எடுக்கும் மென்பொருள் தன் பங்குக்குக் கொஞ்சம் ஷார்ப் செய்கிறது, லைட்ரூமில் கொஞ்சம், கிளாரிட்டியும் டெக்ஸ்சரும் கொஞ்சம், எக்ஸ்போர்ட்டில் கொஞ்சம், ஃபோனுக்கு வந்த பிறகு ஸ்னாப்சீடில் இன்னும் கொஞ்சம். எங்கேயும் யாரும் அளவு மீறவில்லை. கூட்டுத்தொகைதான் மீறிவிடுகிறது.

இதில் நம் கண்ணுக்கும் பங்குண்டு. வெவ்வேறு அடர்த்தியுள்ள சாம்பல் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவை சேரும் விளிம்பில் இல்லாத வெளிர்கோட்டையும் இல்லாத கருங்கோட்டையும் கண் தானே வரைந்துகொள்கிறது என்று எர்ன்ஸ்ட் மாக் 1865இல் விவரித்தார். விழித்திரையில் ஒரு நரம்பணு தூண்டப்படும்போது பக்கத்து அணுவை அடக்குவதால் வரும் விளைவு அது. அதாவது ஷார்ப்பனிங் செய்யும் வேலையை நம் கண் பிறவியிலேயே செய்துகொண்டிருக்கிறது. படத்திலும் ஏற்கெனவே அந்தக் கோடு இருந்தால் இரட்டிப்பாகிறது. போதாததற்கு, கால் மணி நேரம் ஸ்லைடரை இழுத்துக்கொண்டு திரையையே பார்த்தவருக்குக் கண் அந்தத் தெளிவுக்குப் பழகிவிடும். அதன் பிறகு சரியான படம் மங்கலாகத் தெரியும். இரவு பதினொரு மணிக்கு முடித்த எடிட்டிங்கைக் காலையில் மறுபடி பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சரி, விளிம்பு கூடினால் பறவைக்கு என்ன? இறகின் கட்டமைப்பில் இதற்குப் பதில் இருக்கிறது. நடுத்தண்டிலிருந்து இழைகள் கிளைக்கின்றன, இழைகளிலிருந்து நுண்ணிழைகள். நுண்ணிழைகளின் கொக்கிகள் பக்கத்து நுண்ணிழைகளைப் பற்றிக்கொள்வதால்தான் சிறகின் பெரிய இறகுகளுக்கு இறுக்கமான பரப்பும் தெளிவான ஓரமும் கிடைக்கின்றன. மார்பையும் வயிற்றையும் போர்த்தியிருக்கும் தூவிகளில் இந்தப் பிடிப்பு அடிப்பகுதியில் இல்லை, நுனியிலும் தளர்வு. ஆகவே பறக்கும் இறகின் ஓரம் உண்மையிலேயே வெட்டாக இருக்கிறது, மார்புத் தூவியின் ஓரம் உண்மையிலேயே கரைந்து போகிறது. ஒரே ஸ்லைடரை ஒரே அளவில் இரண்டுக்கும் கொடுத்தால் ஒன்று மெய்யாகவும் மற்றது பொய்யாகவும் வந்து சேரும். பெரிய இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லியாம்பதியிலும் பறம்பிக்குளத்திலும் அதைப் படமெடுக்காதவர் குறைவு. அதன் கழுத்தின் மஞ்சள், இறகில் விளைந்த நிறமன்று. வால் அடியிலிருக்கும் எண்ணெய்ச் சுரப்பியில் தலையைத் தேய்த்துத் தேய்த்துப் பறவை தானே பூசிக்கொள்வது. அலகு, கொண்டை, கழுத்து, சிறகின் வெள்ளைப்பட்டை எல்லாம் அந்த எண்ணெயால்தான் மஞ்சளாகின்றன. பூசிய நிறத்துக்கு எல்லைக்கோடு இருக்காது. கழுத்தில் அடர்ந்து தொடங்கி வெள்ளையில் எங்கோ தேய்ந்து போகும். கிளாரிட்டியையும் ஷார்ப்பனிங்கையும் ஏற்றிய படங்களில் அந்தத் தேய்வு மறைந்து, கழுத்தில் அழுக்குத் திட்டுகள் வந்துவிடுகின்றன. பறவை தன் உடம்புக்குச் செய்துகொள்ளும் ஒரு காரியத்தின் தடயம் அந்த மஞ்சள். தெளிவைக் கூட்டுகிறோம் என்று அதைத்தான் அழிக்கிறோம்.

இருவாச்சியைவிட மோசமாக அடிபடுவது தவளைவாயன். இடுக்கி மலையின் அடிவாரத்தை ஒட்டி, எர்ணாகுளம் மாவட்டத்திலிருக்கும் தட்டேக்காட்டுக்கு ஆட்கள் போவதே பாதி இதற்காகத்தான். சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைக் கணக்கெடுப்பு செய்த காடு, 1983இல் சரணாலயமானது. அங்கே பகலில் ஒரு கொடியில் ஆணும் பெண்ணும் ஒட்டி உட்கார்ந்திருக்கும் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆண் சாம்பல் சாய்ந்த பழுப்பு, பெண் செம்பழுப்பு. காய்ந்த இலையின் நிறமும் பூஞ்சையின் புள்ளியும் பட்டையின் சிராய்ப்பும் அந்த உடம்பில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே எந்த இடத்திலும் ஓர் அழுத்தமான கோடு இல்லை. அலகின் அடியில் மயிர் போல நீட்டிக்கொண்டிருக்கும் தூவிகள் முகத்தின் வெளிக்கோட்டையே குலைத்துவிடுகின்றன. இந்தப் பறவையின் பிழைப்பே வெளிக்கோடு இல்லாமல் இருப்பதில்தான் இருக்கிறது. பருந்தின் கண்ணுக்கும் மரநாயின் கண்ணுக்கும் அது இலைச்சருகாக இருந்தால்தான் அடுத்த இரவு பூச்சி பிடிக்கப் போகும். நாமோ அதைப் படமெடுத்து, மாஸ்க் போட்டு, பறவையை மட்டும் செதுக்கி, பின்னால் இருக்கும் சருகை மழுக்கி, "பார், எவ்வளவு தெளிவு" என்கிறோம். அந்தப் படத்தைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு கேள்வி எழும்: இவ்வளவு பளிச்சென்று தெரியும் பறவையை ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறார்கள்? படம் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே செய்தியைப் படமே மறைத்துவிட்டது.

இனி, நம் பகுதிக்கே உரிய காரணம். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளி. மலையுச்சிச் சோலைகளில் மட்டுமே வாழும் சிறு பறவைகளுக்கு அது கடக்க முடியாத கடல் மாதிரி. கணவாய்க்கு வடக்கே நீலகிரி சோலைக்கிளி, தெற்கே ஆனைமலையிலும் மூணாற்றுச் சோலைகளிலும் வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி. வடக்கே நீலகிரிச் சிரிப்பான், தெற்கே பழனிச் சிரிப்பான். சோலைக்கிளிகள் இரண்டும் நெடுங்காலம் ஒரே இனத்தின் உள்வகைகளாக எண்ணப்பட்டவை. வி. வி. ராபினும் உடன் பணியாற்றியவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் மரபணு, பாட்டு, உடலமைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, சோலைக்கிளிகளையும் சிரிப்பான்களையும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இரண்டு புதிய பேரினங்களில் வைத்தார்கள். இந்த இனங்களைப் பிரித்துக் காட்டும் உடல் அடையாளங்கள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். நீலகிரி சோலைக்கிளியின் விலாவில் துருநிறம். தெற்கத்தியதன் விலாவில் அது இல்லாமல் நீலச்சாம்பல், பிறகு வயிற்றின் வெள்ளை. பழனிச் சிரிப்பானின் சாம்பல் மார்பில் மெல்லிய கோடுகள், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். அதற்கும் தெற்கே, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிய அசம்பு மலைச் சிரிப்பானில் அந்தப் புருவம் குட்டை. எல்லாமே எங்கே தொடங்கி எங்கே தேய்கிறது என்ற அளவு சார்ந்த விஷயங்கள்.

ஷார்ப்பனிங் துருநிறத்தைச் சாம்பலாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் அது போகாது. ஆனால் சாம்பல் வெள்ளையாகும் அந்தத் தேய்வின் அகலத்தைச் சுருக்கிவிடும்; மார்பின் மங்கலான கோட்டை அழுத்தமான கோடாக்கிவிடும்; புருவத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளை வளையத்தைச் சேர்த்து அதைத் தடிமனாக்கிவிடும். குளிர்காலத்தில் தேயிலைத் தோட்டத்து நிழல்மரங்களுக்கு வரும் கதிர்குருவிகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். சிறகின் குறுக்கே ஓடும் வெளிர்பட்டை ஒன்றா இரண்டா, எவ்வளவு அழுத்தம் என்பதைக் கொண்டுதான் அங்கே பாதி வழக்கு தீர்கிறது. சிறு இறகுகளின் நுனிவரிசையில் ஷார்ப்பனிங் வரைந்த வெளிர்கோட்டை இரண்டாவது பட்டை என்று ஒருவர் வாசித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இரவிகுளத்துப் புல்வெளியின் நீலகிரி நெட்டைக்காலியிலும் இதே கதை. மார்புக் கோடுகள் எவ்வளவு அடர்த்தி, விலாவில் எங்கே மங்குகின்றன என்று பார்ப்பவருக்கு, எல்லாக் கோடும் மை தீட்டியது போலிருக்கும் படம் எதற்குப் பயன்படும்? கேரளப் பறவை அட்லஸுக்காக 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் மாநிலம் முழுக்க நடந்து திரட்டிய பதிவுகளும், இபேர்டில் நாள்தோறும் ஏறும் பட்டியல்களும் நம் பகுதியை உலகம் அறியும் வழிகள். சந்தேகம் வரும்போது சரிபார்ப்பவர் கேட்பது படத்தைத்தான். நாம் கொடுக்கும் படம் சாட்சி. சாட்சிக்கு அலங்காரம் கூடாது.

நம் காட்டின் வெளிச்சம் வேறு இந்தத் தவற்றுக்குத் தூபம் போடுகிறது. சோலைக்குள் காலை எட்டு மணிக்கும் இருட்டு. மூடுபனி இறங்கினால் கேட்கவே வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 3200, 6400 என்று போகிறது. பறவை சிறியது, ஆகவே பாதிக்கும் மேல் கிராப். இப்போது படத்தில் இருப்பது கொஞ்சம் இறகும் நிறைய நாய்ஸும். நாய்ஸ் எடுக்கும் கருவி இரண்டையும் சேர்த்து வழித்துவிடுகிறது. பிளாஸ்டிக் ஆகிவிட்டதே என்று ஷார்ப்பனிங்கை ஏற்றினால், மிச்சமிருந்த நாய்ஸ் புள்ளிகள் இறகின் இழை போல எழுந்து நிற்கின்றன. மழுங்கலும் முரட்டுத்தனமும் ஒரே மார்பில். அண்மைக் காலத்து ஏ.ஐ. கருவிகள் இன்னொரு படி மேலே போகின்றன. லட்சக்கணக்கான படங்களில் பயின்ற அந்த மென்பொருள், இங்கே இழை இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து ஒன்றை வரைந்து வைக்கிறது. பெரும்பாலும் நம்பும்படி வரைகிறது, சிக்கலே அதுதான். மலபார் தீக்காக்கையின் சிறகு மூடியில் ஓடும் நெளிகோடுகள் ஆணில் கறுப்பும் வெள்ளையும், பெண்ணில் பழுப்பு. படத்தில் அந்த இடம் கலங்கியிருந்தால் ஏ.ஐ. அங்கே சீரான வரிகளைப் போட்டுக் கொடுக்கும். அவை அந்தப் பறவையின் வரிகளில்லை.

இன்னொரு கணக்கையும் பார்த்துவிடலாம். முழு ஃப்ரேம் கேமரா, 600 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 6.3, எட்டு மீட்டர் தூரத்தில் பறவை. தெளிவு நிற்கும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர். ஆறு மீட்டருக்கு நெருங்கினால் நான்கு சென்டிமீட்டருக்கும் கீழே. சிரிப்பானின் நீளமோ இருபது சென்டிமீட்டர் அளவில். அது நம்மை நோக்கி உட்கார்ந்திருந்தால், கண்ணில் ஃபோகஸ் வைத்த படத்தில் வால் மங்கலாக இருப்பதுதான் ஒளியியல். கண்ணுக்கும் வாலுக்கும் ஒரே தெளிவு கொடுத்த படத்தில் பறவை தட்டையாகிவிடுகிறது. எது அருகில், எது தள்ளி என்ற தகவல் அதோடு போயிற்று.

இதற்கெல்லாம் நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியாமலில்லை. "படத்தைப் பார்ப்பது ஃபோனில், ஆறு அங்குலத் திரையில். அங்கே ஷார்ப்பாக இல்லாவிட்டால் விரல் நிற்காது." உண்மை. ஆனால் சின்னத் திரைக்காகச் சுருக்கும்போதே படம் தானாகத் தெளிவாகிறது. நான்காயிரம் புள்ளி அகலத்தை ஆயிரத்துக்குக் கொண்டுவந்தால் நாய்ஸும் சிறு அசைவும் பெருமளவு மறைந்துவிடும். அதன் பிறகு மெல்லிய ஒரு தொடுதல் போதும். அதோடு, வாட்ஸ்அப் மாதிரியான செயலிகள் படத்தை மறுபடி அழுத்திச் சுருக்கும்போது, விளிம்பு கூடிய படம்தான் அதிகம் சிதறுகிறது. வெள்ளைக் கோட்டைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போன்ற புள்ளிகள் அப்படித்தான் வருகின்றன.

இரண்டாவது மறுப்பு கனமானது. "பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள லென்ஸ் வைத்திருப்பவருக்கு இந்த உபதேசம் சரி. எங்களிடம் இருப்பது கிட் ஜூம், பழைய பாடி. ஷார்ப்பனிங் ஒன்றுதான் எங்களை அவரோடு சமமாக நிறுத்துகிறது." இதில் உள்ள ஆதங்கம் நியாயமானது. பறவைப் படக்கலை நம் ஊரில் பணத்தால் பிரிந்து கிடக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் ஷார்ப்பனிங் அந்த இடைவெளியை மூடுவதில்லை. தெரியாத ஒன்றைத் தெரிவதாகக் காட்டுகிறது, அவ்வளவே. மங்கலான ஆனால் நேர்மையான படத்தில் பறவையின் நிமிர்வும் வால் பிடிக்கும் விதமும் உட்காரும் இடமும் நிறத்தின் தேய்வும் கெடாமல் இருக்கின்றன. பாலக்காட்டுக் காவசேரிக்காரரான கே. கே. நீலகண்டன், இந்துசூடன் என்ற பெயரில் 1958இல் வெளியிட்ட கேரளப் பறவை நூலால்தான் மலையாளத்தில் ஒரு தலைமுறை பறவை பார்க்கக் கற்றது. இறகின் இழையை எண்ணிக் காட்டும் படம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. தமிழில் மா. கிருஷ்ணன் கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் காட்டுயிர்ப் படம் எடுத்தார். சாம்பலின் நடுத்தரங்களை நம்பியவர். விலையுயர்ந்த லென்ஸ் இல்லாதவருக்குத் துணை நிற்கக்கூடிய மரபு இவர்களுடையது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது: "அசல் என்று ஒன்று எங்கே இருக்கிறது? கேமராவின் ஜேபெக்கே ஷார்ப் செய்யப்பட்டதுதானே!" ஆம், தொடாத படம் என்று எதுவுமில்லை. அதனால் நான் கேட்பது பூஜ்யத்தை அல்ல. பைனாகுலரில் அதே தூரத்தில் அந்தப் பறவையைப் பார்த்தால் மார்பு எப்படித் தெரியும் என்பது நமக்கெல்லாம் பழக்கத்தில் தெரியும். அந்த நினைவோடு படத்தை ஒப்பிட்டால் போதும். காகிதத்துக்கு வேறு கணக்கு. மை பரவுவதால் அச்சுக்குப் போகும் படம் திரையில் பார்க்கக் கொஞ்சம் முரடாக இருந்தாக வேண்டும். அந்தப் பிரதியை அச்சுக்கு மட்டும் தனியாக வையுங்கள். அதையே ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள்.

செய்முறைக்கு வருகிறேன். ரா ஃபைல் கையில் இருந்தால், கெட்ட படத்தைத் தணிப்பதைவிட முதலிலிருந்து தொடங்குவது சுலபம். லைட்ரூமில் ஷார்ப்பனிங் பகுதியில் ரேடியஸை 1.0 அல்லது அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். டீடெயிலை 25க்கு மேல் ஏற்ற வேண்டாம், ஏற்றினால் நாய்ஸ் முதலில் எழும். பிறகு ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங் ஸ்லைடரை நகர்த்துங்கள். திரை கறுப்பு வெள்ளையாகும்; வெள்ளையில் மட்டும்தான் ஷார்ப்பனிங் விழும். கண், அலகு, கால், சிறகின் பெரிய இறகுகள் ஆகியவை வெள்ளையாக நின்று, மார்பும் பின்னணியும் கறுப்பாகும் வரை தள்ளுங்கள். அதன் பிறகும் மார்பு முரடாக இருந்தால் பிரஷ்ஷை எடுத்து அந்த இடத்தில் மட்டும் ஷார்ப்னெஸ்ஸை மைனஸ் பக்கம் கொண்டுபோகலாம். மைனஸ் 50 வரை அது கொடுத்த ஷார்ப்பனிங்கைத் திரும்ப எடுக்கிறது. அதைத் தாண்டினால் படத்தையே மழுக்கத் தொடங்கும். ஆகவே 50இல் நின்றுவிடுங்கள். 2019இல் வந்த டெக்ஸ்சர் ஸ்லைடரை மைனஸ் பத்து, பதினைந்து என்று மார்பில் தடவினால் தூவி மறுபடி தூவியாகும். பெரிய வடிவங்கள் கெடாது.

ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் முரடாகிவிட்டது என்றால் வேலை கொஞ்சம் நுணுக்கம். ஃபோட்டோஷாப்பில் லேயரைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதிக்கு முக்கால் புள்ளி அளவில் காஸியன் பிளர் கொடுங்கள். அந்த லேயரின் பிளென்ட் மோடை 'டார்க்கன்' என்று மாற்றுங்கள். இப்போது பிளர், தன்னைவிட வெளிச்சமான புள்ளிகளை மட்டுமே இறக்கும். வெள்ளைக் கோடு தணியும், கரும் இழைகள் அப்படியே நிற்கும். கறுப்புக் கோடுகள்தான் தொந்தரவு என்றால் 'லைட்டன்'. பிறகு லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, ஃப்ளோ குறைந்த வெள்ளைப் பிரஷ்ஷால் மார்பு, வயிறு, கன்னம், பின்னணியோடு உடம்பு சேரும் ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் தடவிக் கொண்டுவாருங்கள். கண்ணைத் தொடாதீர்கள். வானத்துக்கு எதிராகப் பறக்கும் இருவாச்சியின் சிறகோரத்தில் வெள்ளை வளையம் தடித்துப் போயிருந்தால் பிளர் போதாது. குளோன் கருவியையும் டார்க்கன் மோடிலேயே வைத்து, பக்கத்து வானத்தை எடுத்து வளையத்தின்மேல் ஓட்டுங்கள். மூடுபனி வானத்தில் இது நன்றாக அமையும். தணித்த இடம் பக்கத்து இடத்தோடு ஒட்டாமல் வழவழவென்று நின்றால், அங்கே மிக மெல்லிய கிரெய்ன் சேர்க்கலாம். விசித்திரமாக இருந்தாலும் பலன் தருவது இது: கொஞ்சம் பொடி இருந்தால்தான் கண் அதைத் தூவி என்று நம்புகிறது.

எல்லாவற்றையும் நூறு சதவீதத்தில் பார்த்து முடிவுசெய்யுங்கள், முந்நூறில் வேண்டாம். முந்நூறில் எந்தப் படமும் குற்றவாளிதான். அங்கே தொடங்கும் கைக்கு நிறுத்துமிடம் தெரியாது. தணிப்பதிலும் மிகை உண்டு. சோலைக்கிளியை மெழுகு பொம்மையாக்கி வைத்த படங்களும் வருகின்றன. இறகே இல்லாமல் நிறம் மட்டும் மிஞ்சிய ஈப்பிடிப்பான்கள். அதுவும் இதே தவற்றின் மறுமுனை. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கொஞ்சம் நாய்ஸ் தெரியும் படத்தை எடுத்துக்கொள்வேன். நாய்ஸ் தன்னை நாய்ஸ் என்றே காட்டிக்கொள்கிறது. போலி இழை அப்படிக் காட்டிக்கொள்வதில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை. சனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பும் வருகின்றன. கணவாயின் இரு பக்கத்திலிருந்தும் சோலைக்கிளி, சிரிப்பான், கதிர்குருவி, நெட்டைக்காலிப் படங்கள் ஏறும் காலம் அது. இந்தப் பறவைகளுக்கு மட்டுமாவது, பட்டியலில் இரண்டு படங்களை ஏற்றுங்கள்: முதலில் கிராப் மட்டும் செய்து வேறெதுவும் தொடாத படம், அதன் பிறகு நீங்கள் எடிட் செய்து தணித்த படம். எந்த மென்பொருள், ஏ.ஐ. உண்டா இல்லையா என்பதைக் குறிப்பில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ரா ஃபைலை அழிக்காமல் ஹார்ட் டிஸ்க்கில், நாளும் இடமும் போட்ட ஃபோல்டரில் வையுங்கள். சரிபார்ப்பவர் ஆறு மாதம் கழித்தும் கேட்பார்.

அன்புடன்,
உங்களைப் போலவே எல்லையோரத்தில் பறவை பார்க்கும் ஒருவர்